எல்லை மாறும்போது பட்டியல் என்னவாகிறது? கன்னியாகுமரி – செங்கோட்டை இணைப்பும் ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைகளும்

தமிழ்நாட்டுக்கான பட்டியல் சாதிகளின் பெயர்வரிசையை முழுமையாகப் படிப்பவர்கள் அதில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். 'கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருநெல்வேலி மாவட்டத்தின் செங்கோட்டை வட்டத்திலும்' என்பதே அத்தொடர். அய்யனவர், காக்காலன், கூடன், மன்னான், பாணன், பரவன், தண்டான், வண்ணான், வேடன், வேட்டுவன் முதலான பத்துக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு அருகில் இந்த எல்லை வரையறை எழுதப்பட்டுள்ளது. இச்சாதியினர் அவ்விரு பகுதிகளில் மட்டுமே பட்டியல் சாதியினர். அவற்றைத் தாண்டினால், தமிழ்நாட்டுக்குள்ளேயே, அவர்களுள் பலர் வேறு பிரிவினராகக் கருதப்படுகின்றனர்.

இதற்கான காரணம் 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாளில் இருக்கிறது. அன்றுதான் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டன. முதல் நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. இந்த இணைப்பை மொழியுரிமையின் வெற்றியாகவே நம் பாடநூல்களும் மேடைகளும் பேசி வந்துள்ளன. அது வெற்றிதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு நிலப்பகுதி ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாறும்போது, அங்கு வாழும் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் என்ன நேர்கிறது என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அதை இக்கட்டுரையில் எழுப்புகிறோம்.

மாற்றும் அதிகாரம் யாருடையது?

அரசமைப்புச் சட்டத்தின் 3ஆம் உறுப்பு, புதிய மாநிலத்தை உருவாக்கவும், இருக்கும் மாநிலத்தின் பரப்பைக் கூட்டவும் குறைக்கவும், எல்லையையும் பெயரையும் மாற்றவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. இதற்கான சட்டமுன்வடிவைக் குடியரசுத் தலைவரின் பரிந்துரையுடன்தான் அறிமுகப்படுத்த முடியும். பாதிக்கப்படும் மாநிலத்தின் சட்டமன்றத்துக்கு அம்முன்வடிவை அனுப்பி, குறிப்பிட்ட காலத்துக்குள் கருத்தைக் கேட்கவேண்டும். இந்தக் கால வரையறை 1955இல் நிறைவேறிய ஐந்தாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. 4ஆம் உறுப்பின்படி இத்தகைய சட்டம் அரசமைப்புத் திருத்தமாகக் கருதப்படாது. எனவே சாதாரணப் பெரும்பான்மையே போதுமானது.

சட்டமன்றத்தின் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது என்று பாபுலால் பராட்டே வழக்கில் 1960ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கருத்தைக் கேட்டால் போதும், அதை ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. இடம் மாறப்போகும் ஊர்களின் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்றோ, அங்குள்ள ஊராட்சிகளைக் கேட்கவேண்டும் என்றோ 3ஆம் உறுப்பில் ஒரு சொல்லும் இல்லை. நாட்டின் நிலத்தை வேறொரு நாட்டுக்கு விட்டுக்கொடுப்பதென்றால் அரசமைப்புத் திருத்தம் தேவை என்று அதே 1960இல் பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. நாட்டுக்குள்ளேயே ஒரு மாநிலத்திடமிருந்து இன்னொரு மாநிலத்துக்கு நிலத்தை மாற்றுவதற்கோ அத்தகைய தடை ஏதும் இல்லை.

கேட்கப்படவேண்டியவை சட்டமன்றங்கள் மட்டுமே என்பதால், சட்டமன்றத்தில் குரலற்ற சமூகங்கள் எல்லை மாற்றத்திலும் குரலற்றவையாகவே இருக்கின்றன. நாம் கவனிக்கவேண்டிய முதல் செய்தி இதுவே.

இணைப்புக்கு முந்தைய தென் திருவிதாங்கூர்

இணைந்த பகுதியின் சாதி வரலாறு சென்னை மாகாணத்தின் வரலாற்றிலிருந்து வேறானது. நாஞ்சில் நாட்டின் நெல் வயல்களில் புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்படும் அடிமைகளாக இருந்தனர். அத்தகைய விற்பனைகளைப் பதிவுசெய்த ஓலை ஆவணங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டது 1855இல்தான். மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் 1822இல் தொடங்கி 1859ஆம் ஆண்டு அரச ஆணை வரை நீண்டது. கோயில் நுழைவு ஆணை 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வெளியானது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே சுசீந்திரத்தில் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தது.

ஒடுக்கப்பட்டவர்கள் இங்கு வெறும் பார்வையாளர்களாக இருக்கவில்லை. மயிலாடியைச் சேர்ந்த சாம்பவரான மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பின் பேரில்தான் மறைப்பணியாளர் ரிங்கல்தௌபே 1806இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். அப்பகுதியின் சீர்திருத்தக் கிறித்தவ வரலாறு ஒரு தலித்தின் முயற்சியில் தொடங்குகிறது. அய்யன்காளி 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பின்னர் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக அமர்ந்து பள்ளிச் சேர்க்கைக்காகவும் புறம்போக்கு நிலத்துக்காகவும் வாதாடினார்.

இந்த வரலாற்றின் விளைவாகத் திருவிதாங்கூரில் எந்தெந்தச் சாதிகள் தீண்டாமைக்கு ஆளாயின என்ற கணக்கும் சென்னை மாகாணத்தின் கணக்கும் ஒன்றாக இருக்கவில்லை. தீட்டு என்பது தொடுதலோடு நிற்காமல், இத்தனை அடி தொலைவில் நிற்கவேண்டும் என்ற அளவிலும் வகுக்கப்பட்ட நாடு அது. ஒரே பெயருடைய சாதி மலைக்கு மேற்கே ஒரு நிலையிலும் கிழக்கே வேறொரு நிலையிலும் இருந்தது.

இணைப்புப் போராட்டம்

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு 1940களின் நடுவில் நாகர்கோவிலில் உருவாயிற்று. மார்சல் நேசமணி அதன் தலைமைக்கு வந்தார். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய ஒன்பது வட்டங்களைத் தமிழ்நாட்டுடன் இணைக்கவேண்டும் என்பது இயக்கத்தின் கோரிக்கை. 1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள், பட்டம் தாணுப்பிள்ளையின் ஆட்சியில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல் துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. தமிழர்கள் பலர் உயிரிழந்தனர். சோசலிஸ்ட் கட்சி ஆட்சி மக்களைச் சுட்டது தவறு என்று அதே கட்சியின் தலைவரான ராம் மனோகர் லோகியா பதவி விலகலைக் கோரும் அளவுக்கு அந்நிகழ்வு நாடெங்கும் எதிரொலித்தது.

பசல் அலி தலைமையில், எச்.என். குன்சுரு, கே.எம். பணிக்கர் ஆகியோரை உறுப்பினராகக் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்தது. ஒன்பதில் ஐந்து வட்டங்களை மாற்றவே அது பரிந்துரைத்தது. தேவிகுளமும் பீர்மேடும் மறுக்கப்பட்டன. நாடாளுமன்றம் 1956ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 4ஆம் பிரிவு ஐந்து வட்டங்களைச் சென்னை மாநிலத்துக்கு அளித்தது. மலபார் மாவட்டமும் காசர்கோடு வட்டமும் சென்னை மாநிலத்திலிருந்து கேரளத்துக்குச் சென்றன. கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம் மைசூருக்குச் சென்றது.

பட்டியல் எவ்வாறு ஒட்டப்பட்டது?

அரசமைப்புச் சட்டத்தின் 341ஆம் உறுப்பு, பட்டியல் சாதிகளை ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே குடியரசுத் தலைவர் அறிவிக்கவேண்டும் என்கிறது. 'அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை' என்பதே அதன் உயிர்நாடியான சொல். முதல் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியானது. அதன்பின் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றவேண்டும். மாநில அரசாலோ நீதிமன்றத்தாலோ அது இயலாது. பட்டியலில் உள்ள சொற்களை உள்ளவாறே படிக்கவேண்டும், அவற்றுக்கு விளக்கம் கூறிப் புதிய பிரிவினரைச் சேர்க்கக்கூடாது என்று மிலிந்த் வழக்கில் அரசமைப்பு அமர்வு கூறியுள்ளது. தமிழ்நாட்டில் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயரைப் பட்டியலில் சேர்ப்பதற்கும் 2021இல் நாடாளுமன்றச் சட்டம் தேவைப்பட்டது.

ஆனால் எல்லைகள் மாறும்போது பட்டியல்களும் மாறியாக வேண்டும். இதற்காக மறுசீரமைப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, நிலப்பகுதி மாற்றங்களைக் கருத்தில்கொண்டு பட்டியல்களைத் திருத்தும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு அளித்தது. அதன்படி 1956 அக்டோபர் இறுதியில் திருத்த ஆணை வெளியானது. அவ்வாணையின் முன் இரண்டு வழிகள் இருந்தன. இணையும் பகுதியின் மக்களைச் சென்னைப் பட்டியலுக்குள் கொண்டுவந்து, அதில் இல்லாதவர்களை வெளியே நிறுத்துவது ஒன்று. திருவிதாங்கூர்ப் பட்டியலை அப்பகுதிக்கு மட்டும் அப்படியே தொடர்வது மற்றொன்று. ஆணை பெரும்பாலும் இரண்டாம் வழியையே தேர்ந்தது. மாநிலம் முழுவதற்குமான பெயர்கள், கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நீங்கலான பகுதிக்கான பெயர்கள், அவ்விரண்டுக்கு மட்டுமான பெயர்கள் என்று சென்னை மாநிலத்தின் பட்டியல் பல துண்டுகளானது.

அந்த முடிவை நாம் குறை கூறவில்லை. ஏற்கெனவே உரிமை பெற்றிருந்த ஒரு சமூகம், கோடு ஒன்று வரையப்பட்டதாலேயே அதை இழக்கக்கூடாது என்ற நெறி அதில் காக்கப்பட்டது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். வண்ணார் சமூகத்தை எடுத்துக்கொள்வோம். செங்கோட்டையில் வாழும் வண்ணார் பட்டியல் சாதியினர். சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென்காசியில் வாழும் வண்ணார் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். இருவரும் ஒரே மொழியைப் பேசுபவர்கள், ஒரே தொழிலைச் செய்தவர்கள், மணவுறவு கொள்ளக்கூடியவர்கள். ஒருவர் இடஒதுக்கீட்டில் 18 விழுக்காட்டுப் பிரிவிலும் மற்றவர் 20 விழுக்காட்டுப் பிரிவிலும் போட்டியிடுகின்றனர். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டால் முன்னவர் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நாடலாம். பின்னவருக்கு அச்சட்டம் பயன்படாது. ஊர்த்துணி வெளுக்க வைக்கப்பட்ட இழிவு இரண்டு ஊர்களிலும் ஒன்றுதான், சட்டம் மட்டும் இரண்டாக இருக்கிறது.

1976ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், மாநிலத்துக்குள் வட்டாரம் வட்டாரமாக இருந்த வரையறைகள் பலவற்றை நீக்கியது. பறையர், பள்ளர், சக்கிலியர், புலையர் போன்ற பெயர்கள் மாநிலம் முழுவதற்கும் ஒன்றாயின. 'பறையன்' என்பதன் தமிழ் வடிவமும் மலையாள வழக்கை ஒட்டிய வடிவமும் 'சாம்பவர்' என்ற பெயரும் ஒரே பதிவுக்குள் வந்தன. ஆயினும் நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட பெயர்களுக்கான எல்லை மட்டும் நீடித்தது. கேரளத்தின் பட்டியலிலும் இதே நிலைதான். அங்கு மலபார் மாவட்டப் பகுதியைக் குறிக்கும் வரையறைகள் சில பெயர்களுக்கு அருகில் இன்றும் உள்ளன.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆணையில் மாவட்டம் அல்லது வட்டம் என்று கூறப்படுவது, 1976 மே 1 அன்று அது எவ்வாறு அமைந்திருந்ததோ அதையே குறிக்கும் என்று ஆணையே கூறுகிறது. எனவே 2019இல் தென்காசி தனி மாவட்டமாகி, செங்கோட்டை அதற்குள் சென்ற பின்னரும், பட்டியலைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. சான்றிதழ் கேட்டுச் செல்பவர்களும் அதை வழங்கும் வட்டாட்சியர்களும் இதை அறிந்திருப்பது நல்லது. மாவட்டத்தின் பெயர் மாறிவிட்டது என்ற காரணத்தால் எந்த விண்ணப்பத்தையும் மறுக்க முடியாது.

நிலம்: ஒரு கோட்டின் இருபுறம்

சென்னை மாகாணத்தின் தலித்துகளுக்கு 1892ஆம் ஆண்டு ஆணையின் வழியே பஞ்சமி நிலம் என்ற வரலாற்று உரிமைக் கோரிக்கை இருக்கிறது. அந்நிலங்கள் பறிபோனாலும், மீட்கக் கோருவதற்கான ஆவண அடிப்படை நம் கையில் உள்ளது. திருவிதாங்கூரோ தனி சமஸ்தானம். சென்னை அரசின் ஆணை அங்கு செல்லவில்லை. எனவே 1956இல் இணைந்த பகுதியின் தலித்துகளுக்கு, மற்ற மாவட்டத்தார் முன்வைக்கும் பஞ்சமி நில மீட்பு என்ற முழக்கம் சட்டப்படி பொருந்துவதில்லை.

இணைந்த பகுதியில் திருவிதாங்கூர் சட்டங்கள் உடனே மறைந்துவிடவும் இல்லை. மறுசீரமைப்புச் சட்டத்தின் 119ஆம் பிரிவின்படி, புதிய மாநிலம் மாற்றும்வரை பழைய சட்டங்களே தொடர்ந்தன. சென்னை அரசு 1957இல் தன் சட்டங்களை 'மாற்றப்பட்ட நிலப்பகுதி'க்கு விரிவுபடுத்த ஒரு சட்டம் இயற்றியது. பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரிய ஸ்ரீபண்டாரவகை நிலங்களை ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவரும் சட்டமும், ஜென்மிகரம் செலுத்துவதை ஒழிக்கும் சட்டமும் 1964இல்தான் வந்தன. இச்சட்டங்கள் குத்தகைதாரருக்கும் நிலம் வைத்திருந்தோருக்கும் பயன்பட்டன. அவர்களின் வயலில் கூலிக்கு உழைத்தவர்களுக்கு அவற்றில் இடமில்லை.

எல்லையின் மறுபுறத்தில் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 சனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர்களுக்கு ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை குடியிருப்பு நிலத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. தமிழ்நாட்டில் வேளாண் தொழிலாளர் குடியிருப்புக்கான உரிமைச் சட்டம் 1971இல் வந்தது. களியக்காவிளைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் ஒரே சமூகத்தைச் சேர்ந்த உறவினர்கள் வேறுவேறு சட்டத்தின்கீழ் வேறுவேறு அளவு மண்ணுக்கு உரியவர்கள் ஆயினர். கேரளத்தின் சட்டத்தை நாம் முழுமையானதாகப் போற்றவும் இல்லை. அங்கும் விளைநிலம் குத்தகைதாரருக்குச் சென்றது. தலித்துகளுக்கு வீட்டு மனையே மிஞ்சியது, தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

ஆவணங்களின் மொழியும் ஒரு தடையே. கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய நிலப் பத்திரங்களும் பதிவேடுகளும் மலையாளத்தில் உள்ளன. பாட்டனின் பெயரையும் சாதியையும் நிலத்தையும் மெய்ப்பிக்கவேண்டிய ஒரு கூலித் தொழிலாளியின் பேரப்பிள்ளை, படிக்கத் தெரியாத எழுத்தில் எழுதப்பட்ட தாளை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலையவேண்டியிருக்கிறது.

இணைக்கப்படாத மலை: தேவிகுளமும் பீர்மேடும்

தேவிகுளத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மையினராக இருந்தும் அது ஏன் மாற்றப்படவில்லை? பொருளாதாரக் காரணங்களோடு ஆணையம் முன்வைத்த முக்கிய வாதம், அங்குள்ள தமிழர்கள் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்க வந்து போகும் தொழிலாளர்கள் என்பது. அத்தொழிலாளர்கள் யார்? கங்காணிகளால் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து மலையேற்றப்பட்டவர்கள், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பள்ளர், பறையர், அருந்ததியர். தலைமுறைகளாக அந்த மலையில் உழைத்தவர்களை நிலையற்றவர்கள் என்று எண்ணியதில் சாதியின் பார்வையும் கலந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம். சொந்த நிலம் இல்லாதவர் அந்த மண்ணுக்கு உரியவர் ஆகமாட்டார் என்ற எண்ணம்தான் அது. நிலத்தை மறுத்ததும் சாதிதான், நிலம் இல்லை என்பதால் ஊரை மறுத்ததும் அதே சாதிதான்.

அதன் விளைவு இன்றுவரை தொடர்கிறது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990இலும், பீர் சிங் வழக்கில் 2018இலும் உச்ச நீதிமன்றம் கூறியதன்படி, ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கு அத்தகுதியைக் கோர முடியாது. 1950ஆம் ஆண்டு ஆணை வெளியான நாளில் குடும்பத்தின் நிலையான வாழிடம் எது என்பதே ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்படி அளவுகோல். லயன் வீடுகளில் வாழ்ந்து, வீட்டு வரிச்சீட்டோ பட்டாவோ இல்லாத தோட்டத் தொழிலாளியின் வழித்தோன்றல் 1950க்கு முந்தைய இருப்பை எதைக் காட்டி மெய்ப்பிப்பார்? தோட்டக் கம்பெனியின் பழைய பதிவேட்டைத் தவிர அவருக்கு வேறு சான்று அரிது.

இங்கே ஒரு முரண் உள்ளது. மனிதர் எல்லையைக் கடந்தால் உரிமை போகிறது. எல்லை மனிதரைக் கடந்தால் உரிமை தொடரலாம். பீகார் பிரிக்கப்பட்டது தொடர்பான பங்கஜ் குமார் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் இதை ஓரளவு தெளிவுபடுத்தியது. மறுசீரமைப்பால் பாதிக்கப்பட்டவர் பீகாரிலோ சார்க்கண்டிலோ ஏதேனும் ஒன்றில் பட்டியல் தகுதியின் பயனைக் கோரலாம், இரண்டிலும் ஒரே நேரத்தில் கோர முடியாது என்பது அத்தீர்ப்பு. எல்லை மாற்றத்தால் இன்னலுறும் மாணவர்கள் இத்தீர்ப்பை அறிந்திருக்கவேண்டும்.

2015இல் மூணாறில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்டு போராடிய பெண்களும், 2020 ஆகஸ்ட் 6 அன்று பெட்டிமுடி நிலச்சரிவில் லயன் வீடுகளோடு புதையுண்ட 70 பேரும் இந்த வரலாற்றின் தொடர்ச்சியே. எந்த மாநிலமும் தன்னவர் என்று உரிமையோடு ஏற்காத உழைப்பாளர்களின் வரலாறு அது.

அண்மைக்கால எடுத்துக்காட்டு

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணுவோருக்குப் போலவரம் விடையாகும். 2014இல் தெலங்கானா மாநிலம் பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், மே 29 அன்று, கம்மம் மாவட்டத்தின் ஏழு மண்டலங்களைச் சேர்ந்த ஊர்கள் ஆந்திரப் பிரதேசத்துக்கு மாற்றப்படுவதாக அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. சூலையில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. தெலங்கானா அரசு எதிர்த்தும் பயனில்லை. அணையால் மூழ்கவிருக்கும் ஊர்களும் அணை கட்டும் அரசும் ஒரே மாநிலத்தில் இருக்கவேண்டும் என்பதே காரணம். அவ்வூர்களில் வாழ்பவர்கள் பெரும்பாலும் கோயா, கொண்டாரெட்டி பழங்குடிகள். பட்டியல் பகுதியில் நிலம் கையகப்படுத்த வேண்டுமானால் கிராம சபையைக் கலந்தாலோசிக்கவேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் கூறுகிறது. ஆனால் அந்த நிலம் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பதை முடிவு செய்ய, கிராம சபையைக் கேட்கத் தேவையில்லை. சிறிய உரிமைக்கு இருக்கும் காப்பு பெரிய முடிவுக்கு இல்லை.

அம்பேத்கரின் எச்சரிக்கை

மாநில மறுசீரமைப்பு விவாதிக்கப்பட்ட 1955ஆம் ஆண்டின் இறுதியில், பாபாசாகேப் அம்பேத்கர் மொழிவழி மாநிலங்கள் குறித்துத் தம் சிந்தனைகளை நூலாக வெளியிட்டார். ஒரு மாநிலத்துக்கு ஒரு மொழி என்பதை அவர் ஏற்றார். ஆனால் ஒவ்வொரு மொழிப் பகுதியிலும் எண்ணிக்கையிலும் நிலவுடைமையிலும் ஓங்கிய சாதி ஒன்று இருக்கும், பிற சிறு சாதிகள் ஊர் ஊராகச் சிதறி அதைச் சார்ந்து வாழும் என்பதை அவர் சுட்டிக்காட்டினார். மாநிலம் பெரிதாகப் பெரிதாகச் சிறுபான்மையினரின் நிலை மேலும் நலியும் என்பதால், சிறிய மாநிலங்களையும் உறுதியான காப்புகளையும் அவர் வலியுறுத்தினார்.

கன்னியாகுமரியில் இன்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. ஒன்றுகூடத் தனித்தொகுதி அல்ல, மக்களவைத் தொகுதியும் பொதுத் தொகுதியே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர் மட்டுமே. மாநில அளவில் அது 20 விழுக்காடு. கிறித்தவத்தைத் தழுவிய சாம்பவரும் சேரமரும் இந்த 4 விழுக்காட்டில் எண்ணப்படுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மொழிப் பெரும்பான்மை அம்மாவட்டத்துக்குத் தாய் மாநிலத்தைத் தந்தது. அங்குள்ள தலித்துகளுக்கு ஒரு சட்டமன்ற இருக்கையை உறுதிசெய்ய அதனால் இயலவில்லை.

நாம் கேட்கவேண்டிய கேள்விகள்

மகாராட்டிரம்–கர்நாடகம் இடையே பெலகாவி, ஒடிசா–ஆந்திரம் இடையே கோட்டியா ஊர்கள் என எல்லைச் சிக்கல்கள் இன்றும் உயிரோடு உள்ளன. புதிய மாநிலக் கோரிக்கைகளும் அவ்வப்போது எழுகின்றன. அத்தகைய ஒவ்வொரு தருணத்திலும் செயல்பாட்டாளர்களும் மாணவர்களும் சில கேள்விகளை முன்கூட்டியே எழுப்பவேண்டும்.

1. இடம் மாறும் பகுதியிலுள்ள ஒவ்வொரு பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் புதிய மாநிலத்தின் பட்டியலில் என்ன இடம்? பெயர் எந்த எழுத்து வடிவில் பதியப்படும்?

2. உரிமை அப்பகுதிக்குள் மட்டும் அடைபடுமா, மாநிலம் முழுவதும் செல்லுமா? அப்பகுதியிலிருந்து தலைநகருக்குப் படிக்கச் செல்லும் மாணவரின் நிலை என்ன?

3. பழைய மாநிலம் வழங்கிய சாதிச் சான்றிதழ்களும் கல்வி உதவித்தொகைகளும் எந்த நாள் வரை செல்லும்?

4. உள் ஒதுக்கீடு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் நிலையில், தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 2009 முதல் உள்ள 3 விழுக்காடு போன்ற ஏற்பாடுகள் இடம் மாறுவோருக்குக் கிடைக்குமா?

5. ஒப்படைக்கப்பட்ட நிலங்கள், வீட்டு மனைகள், வன உரிமைப் பட்டாக்கள் ஆகியவற்றின் ஆவணங்கள் மொழிபெயர்க்கப்பட்டு ஒப்படைக்கப்படுமா?

6. நிலுவையிலுள்ள வன்கொடுமை வழக்குகள் எந்த நீதிமன்றத்துக்குச் செல்லும்? சாட்சிகளின் பயணச் செலவையும் பாதுகாப்பையும் யார் ஏற்பார்கள்?

7. தொகுதி மறுவரையறையில் தனித்தொகுதிகளின் எண்ணிக்கை குறையுமா?

இக்கேள்விகளுக்கான விடைகள் எல்லையை மாற்றும் சட்டத்திலேயே எழுதப்படவேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. பின்னர் ஓர் ஆணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதன் விளைவை கன்னியாகுமரியும் செங்கோட்டையும் காட்டுகின்றன. அங்கு வண்ணார் உள்ளிட்ட சமூகங்களுக்கான எல்லை வரையறையை நீக்கி, மாநிலம் முழுவதும் ஒரே நிலையை உறுதிசெய்வது குறித்து முடிவெடுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. அதற்கான ஆய்வையும் பரிந்துரையையும் தொடங்கவேண்டிய பொறுப்பு மாநில அரசைச் சேர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 அன்று எல்லைப் போராட்டத் தியாகிகளுக்கு மாலை அணிவிக்கும் அரசிடம், இந்த நிறைவேறாத பணியையும் நினைவூட்டுவோம்.